மாந்தோப்பை விற்றுவிட்டுக் கேரளக் கடற்கரையில் குடியேறலாமா?

கிருஷ்ணகிரியிலிருந்து ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர், தம் பெயரை மறைக்கும்படி கேட்டுக்கொண்டு நீண்ட கடிதம் ஒன்றை எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது.

அவருக்கு வயது 61. கணவருக்கு 65, ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர். ஆசிரியைக்கு நாள்பட்ட மூட்டுவலி. மகன் கொச்சி காக்கநாட்டில் மென்பொருள் வேலையில் இருக்கிறார். 34 வயதான மகள் திருமணமாகி ஓசூரில் இருக்கிறார். கிருஷ்ணகிரி நகரில் உள்ள வீடு, ஆசிரியை 1998-இல் தம் சம்பளத்தைக் கொண்டும் வீட்டுக் கடன் வாங்கியும் தம் பெயரில் வாங்கியது. காவேரிப்பட்டணம் போகும் வழியில் உள்ள ஒன்றே முக்கால் ஏக்கர் மாந்தோப்பு, கணவருடைய பாட்டன் காலத்துச் சொத்து. 1994-இல் அவரும் அவருடைய தந்தையும் சகோதரர்களும் செய்துகொண்ட பாகப்பிரிவினையில் அவர் பங்காக வந்தது.

இரண்டையும் விற்றுவிட்டுக் கேரளத்தில் கடலோரமாகக் குடியேறிவிட வேண்டும் என்பது கணவர், மகன் இருவரின் விருப்பம். மூன்று இடங்களைப் பார்த்திருக்கிறார்கள். ஒன்று, ஆலப்புழைக்கு அருகே கடலிலிருந்து 150 மீட்டர் தொலைவில் 12 சென்ட் மனையோடு கூடிய பழைய வீடு. இரண்டாவது, கொச்சியில் காயலை, அதாவது கடலோடு சேர்ந்த உப்பங்கழியைப் பார்த்த அடுக்குமாடி வீடு, மறுவிற்பனைக்கு வந்திருப்பது. மூன்றாவது, கொடுங்கல்லூர்ப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் 25 சென்ட். மண் கொட்டி மேடாக்கி வீடு கட்டிக்கொள்ளலாம் என்கிறார் தரகர். எதை வாங்கினாலும் மகன் பெயரில்தான் வாங்க வேண்டும் என்பதும் பேச்சில் இருக்கிறது. ஆலப்புழை வீட்டுக்குக் கணவர் 2 லட்சம் ரூபாய் முன்பணம் கொடுத்து, வெள்ளைத் தாளில் ஒரு ரசீதும் வாங்கி வந்துவிட்டார். எந்த இடம் நல்லது, சட்டப்படி பாதுகாப்பானது எது என்பது ஆசிரியையின் கேள்வி. கடிதத்தின் கடைசியில் ஒரு வரி: “எனக்கு மட்டும் திருவனந்தபுரம் பிடிக்கும். கூட வேலை பார்த்த தோழி அங்கே இருக்கிறார். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.”

அன்புள்ள அம்மா,

கடிதத்தின் கடைசி வரியை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்தாலும், என் பதிலில் அதற்குப் பெரிய இடம் உண்டு. விற்கப்போகும் இரண்டு சொத்துகளில் ஒன்று முழுக்க உங்களுடையது. உங்கள் கையெழுத்து இல்லாமல் அந்த வீட்டை யாரும் விற்க முடியாது. ஆகவே உங்களைக் கேட்காமல் இந்த இடமாற்றம் நடக்க முடியாது என்பதே சட்ட நிலை. இதைச் சண்டைக்குக் காரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பேச்சில் உங்களுக்கு உள்ள இடத்தைத் தெரிந்துகொள்ளவே சொல்கிறேன்.

அடுத்து ஓர் ஐயம். தமிழ்நாட்டுக்காரர் கேரளத்தில் சொத்து வாங்க முடியாது, கேரள முகவரி வைத்திருக்கும் மகன்தான் வாங்க முடியும் என்று தரகர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல. நாட்டின் எந்தப் பகுதியிலும் வசிக்கவும் குடியேறவும் அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு குடிமக்களுக்கு உரிமை தருகிறது. இமாசலப் பிரதேசம் போன்ற சில மாநிலங்களில் வெளியார் நிலம் வாங்கக் கட்டுப்பாடு இருப்பது உண்மைதான். கேரளத்தில் வெளிமாநிலத்தவர் என்ற காரணத்துக்காக அப்படி ஒரு தடை இல்லை. நில உச்சவரம்பு எல்லோருக்கும் பொது, சில சென்ட் வாங்குகிறவரை அது தொடாது. எனவே மகன் பெயரில்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்திலிருந்து வரவில்லை. வேறு எங்கிருந்து வருகிறது என்பதை வீட்டில் அமர்ந்து நிதானமாகக் கேட்டுப் பாருங்கள். வங்கிக் கடனுக்காக என்றால் அதற்கு வேறு வழி உண்டு, கீழே சொல்கிறேன்.

மழையும் தண்ணீரும்

கடற்கரை என்றால் இதமான வெயிலும் காற்றும் என்று உங்கள் கணவர் நினைப்பதாகத் தெரிகிறது. அவர் பார்த்தது ஜனவரி மாதத்துக் கேரளம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 900 மில்லிமீட்டரை எட்டுவதில்லை. கேரளத்தின் சராசரி ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் கொட்டிவிடுகிறது. அதிலும் வடக்கே போகப் போக மழை கூடும். கோழிக்கோடு, கண்ணூர்ப் பக்கம் 3000-ஐத் தாண்டும், திருவனந்தபுரத்தில் 1800 அளவில் நின்றுவிடும். நம் ஊரின் உலர்ந்த காற்றில் அறுபது ஆண்டுகள் இருந்த உடம்பு, துணி காயாத, சுவரில் பூஞ்சை படரும் ஜூலை மாதத்தை எப்படித் தாங்கும் என்பதை விளம்பரப் படங்களை வைத்து முடிவு செய்ய முடியாது.

மூட்டுவலிக்குக் கடற்கரைச் சூடு நல்லது என்ற நம்பிக்கையை உங்கள் மருத்துவர்தான் உறுதி செய்ய வேண்டும், அது என் துறை அன்று. ஆனால் தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்லலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதும், அதற்காகவே ஜப்பானிய நிதியுதவியோடு ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்தது என்பதும் நீங்கள் அறிந்தவை. “இந்தத் தண்ணீரை விட்டுப் போனாலே போதும்” என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் போக நினைக்கும் ஆலப்புழை நகரப் பகுதியிலும் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அளவுக்கு மேல் இருந்ததை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை என்பது ஏற்கத்தக்க அளவு. வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதிக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். எந்த ஊரானாலும், கிணறோ குழாயோ, அந்த நீரை ஆய்வகத்தில் கொடுத்து ஃபுளோரைடும் உப்பும் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். கடலை ஒட்டிய கிணறுகளில் கோடையில் உப்பு ஏறுவது வழக்கம்.

கடலிலிருந்து எத்தனை மீட்டர்?

நீங்கள் முன்பணம் கொடுத்திருக்கும் வீட்டைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். அங்கே எனக்கு முதலில் தோன்றும் கேள்வி விலையைப் பற்றியது அன்று, 150 மீட்டர் என்ற அந்த அளவைப் பற்றியது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி, உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தின்போது நீர் எட்டும் எல்லையிலிருந்து) 500 மீட்டர் வரை உள்ள பகுதி கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. 2011-ஆம் ஆண்டு அறிவிக்கை ஊரகப் பகுதிகளில் முதல் 200 மீட்டரைக் கட்டடம் எழுப்பக் கூடாத பகுதியாக வைத்தது. 2019 ஜனவரியில் வந்த புதிய அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வசிக்கும் ஊரகப் பகுதிகளில் அதை 50 மீட்டராகக் குறைத்தது. நெருக்கம் குறைந்த பகுதிகளில் 200 மீட்டர் அப்படியே இருக்கிறது. ஆகவே அந்த வீடு எந்த வகைப்பாட்டில் வருகிறது, எந்த ஆண்டில் கட்டப்பட்டது, கட்டியபோது எந்த விதி நடப்பில் இருந்தது என்ற மூன்றுக்கும் விடை தெரியாமல் அதைத் தொடக் கூடாது.

இன்னொரு நுணுக்கம் இதில் இருக்கிறது. 2011 விதி, 100 முதல் 200 மீட்டர் வரையிலான பகுதியில் மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோர மக்கள் தங்கள் வீட்டைக் கட்டிக்கொள்ளவும் புதுப்பிக்கவும் இடம் கொடுத்தது. அந்தச் சலுகையில் எழுந்த வீட்டை வெளியூர்க்காரர் வாங்கி மாடி கட்டவோ விரிவாக்கவோ போனால், விற்றவருக்கு இருந்த சலுகை வாங்கியவருக்குக் கிடைக்காது.

வீட்டுக்குக் கதவு எண் இருக்கிறது, உரிமையாளர் ஆண்டுதோறும் வரி கட்டுகிறார், ஆகவே கவலையில்லை என்று உங்கள் கணவர் சொல்கிறார். கேரள உள்ளாட்சி அமைப்புகள் விதிமீறிக் கட்டிய கட்டடங்களுக்கும் ‘யூ.ஏ.’ என்ற அடையாளத்தோடு ஓர் எண் கொடுத்து வரி வசூலிக்கின்றன. அனுமதியற்ற கட்டடம் என்பதற்கான குறிதான் அது. எனவே வரி ரசீதைக் காட்டினால் எண்ணோடு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கட்டட அனுமதியையும் நிறைவுச் சான்றையும் தனியே கேளுங்கள்.

உள்ளாட்சி அனுமதி இருந்தாலே போதும் என்று நினைத்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு, நீங்கள் பார்த்த இரண்டாவது இடத்துக்கு வெகு அருகிலேயே சான்று இருக்கிறது. கொச்சியை அடுத்த மரடில் காயலோரம் கட்டிய நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் கடலோர விதியை மீறியவை என்று 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020 ஜனவரி 11, 12 ஆகிய நாள்களில் அவை வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. அவற்றுக்கு அன்றைய ஊராட்சியின் கட்டட அனுமதி இருந்தது. அங்கே வீடு வாங்கியிருந்தவர்களில் ஓய்வுக்காலச் சேமிப்பைப் போட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு இடைக்கால இழப்பீடாகத் தலா 25 லட்சம் ரூபாய் வழங்க நீதிமன்றம் உத்தரவிட்டாலும், வீடு போனது போனதுதான். காயலும் கடலின் ஏற்ற இறக்கம் தொடும் நீர்நிலை என்பதால் இந்த விதி அதன் கரைக்கும் பொருந்தும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கக் கடலும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. கொச்சிக்குத் தெற்கே செல்லானத்திலும், திருவனந்தபுரத்தின் வலியதுறை, சங்குமுகம் கரைகளிலும் கடலரிப்பு பல ஆண்டுகளாகத் தொடர்கிறது. கரையிலிருந்து 50 மீட்டருக்குள் வசிக்கும் மீனவக் குடும்பங்களை உள்ளே இடம் மாற்றவே கேரள அரசு ‘புனர்கேகம்’ என்ற திட்டத்தை நடத்துகிறது. பிறந்தது முதல் அங்கேயே இருப்பவர்களை அரசு பணம் கொடுத்துப் பின்னால் அழைக்கும் கரைக்கு, நாம் பணம் கொடுத்து முன்னால் போவதில் என்ன நியாயம் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

பத்திரத்தில் ‘நிலம்’ என்று இருந்தால்

மூன்றாவது இடத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பத்திர நகலில் ‘நிலம்’ என்று எழுதியிருப்பதை நீங்கள் இயல்பாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கேரள வருவாய்ப் பதிவேட்டில் அது நெல் விளையும் நன்செயைக் குறிக்கும் வகைப்பாடு. வீடு கட்டத்தக்க மனை ‘புரயிடம்’ என்று பதிவாகியிருக்கும். 2008-ஆம் ஆண்டின் நெல்வயல் மற்றும் ஈரநிலப் பாதுகாப்புச் சட்டப்படி, ஊராட்சியின் தரவுப் பட்டியலில் நெல்வயல் என்று சேர்ந்துவிட்ட இடத்தை மண் கொட்டி மேடாக்குவது குற்றம், கொட்டிய மண்ணை அள்ளச் சொல்லவும் அதிகாரம் உண்டு. பட்டியலில் சேராத இடமென்றால் வகை மாற்றத்துக்கு வருவாய்த் துறையிடம் விண்ணப்பிக்க வழி இருக்கிறது. ஆனால் அதை விற்பவர் செய்து, உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு வரட்டும். மலிவாகக் கிடைப்பதன் காரணம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. இந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

யார் பெயரில்?

மகன் பெயரில் வாங்குவது சட்ட விரோதமா என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்கில் உள்ள பணத்தைக் கொண்டு பிள்ளை பெயரில் வாங்குவதைப் பினாமித் தடைச் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே அது குற்றம் அன்று. ஆனால் குற்றமல்லாத எல்லாமே புத்திசாலித்தனம் ஆகிவிடாது. பத்திரம் மகன் பெயரில் இருந்தால் வீடு மகனுடையது. பணம் நாங்கள் கொடுத்தோம் என்று பின்னால் சொன்னால், அன்பளிப்பாகத்தானே கொடுத்தீர்கள் என்ற பதில் வரும். உங்கள் மகன் அப்படிச் சொல்வார் என்று நான் சொல்லவில்லை. கடன் கொடுத்த வங்கியோ, எதிர்பாராமல் ஏதேனும் நேர்ந்தால் வரும் வாரிசுகளோ, அவரைப் போல உங்களைப் பார்க்க மாட்டார்கள்.

அப்படி ஏதாவது ஆனால் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இருக்கிறதே என்று எழுதியிருக்கிறீர்கள். 2007-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 23-ஆம் பிரிவு நல்ல பாதுகாப்புதான். ஆனால் அது தானாக வேலை செய்வதில்லை. மூத்த குடிமக்கள் தங்கள் சொத்தை எழுதிக் கொடுக்கும்போது, தங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்திருந்து, அது மீறப்பட்டால்தான் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் அந்தப் பரிமாற்றத்தை ரத்து செய்யலாம். நிபந்தனை நிரூபிக்கப்பட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த மற்றொரு தீர்ப்பு, சட்டத்தின் நோக்கத்தைக் கருதி அதைப் பரந்த மனத்தோடு பார்க்க வேண்டும் என்றது. இரண்டிலும் பெற்றோர் சொத்தையே எழுதிக் கொடுத்திருந்தார்கள். உங்கள் திட்டத்தில் நீங்கள் எதையும் எழுதிக் கொடுப்பதில்லை. பணத்தைக் கொடுக்க, மூன்றாம் நபர் ஒருவர் மகன் பெயருக்குக் கிரயம் செய்கிறார். அந்தப் பிரிவின் கீழ் அதை மீட்பது மேலும் கடினம்.

வருமான வரியும் இதே திசையைத்தான் காட்டுகிறது. 1998-இல் வாங்கிய வீட்டை இன்று விற்றால் வரும் ஆதாயத்துக்கு வரி உண்டு. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்து என்பதால், பணவீக்கச் சரிக்கட்டு (வாங்கிய விலையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடுவது) இல்லாமல் 12.5 விழுக்காடு, சரிக்கட்டோடு 20 விழுக்காடு ஆகிய இரண்டில் எது குறைவோ அதைக் கட்டினால் போதும். 2001-க்கு முந்தைய சொத்துக்கு அந்த ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் மதிப்பை விலையாக எடுத்துக்கொள்ளவும் வழியுண்டு. விற்ற இரண்டு ஆண்டுகளுக்குள் இன்னொரு வீடு வாங்கினாலோ மூன்று ஆண்டுகளுக்குள் கட்டினாலோ, ஆதாயத்தை அதில் போட்ட அளவுக்கு வரி விலக்கு கிடைக்கும். ஆனால் விற்றவர் நீங்கள், புதிய வீடு மகன் பெயரில் என்றால், அந்த விலக்கு வழக்காடித்தான் கிடைக்க வேண்டியிருக்கும். உங்கள் பெயரில் வாங்கினால் அந்தச் சிக்கல் எழாது.

ஆகவே வாங்குவதானால் உங்கள் பெயரும் மகன் பெயரும் சேர்ந்து இருக்கட்டும். யார் எவ்வளவு பணம் போட்டார்களோ அந்த விகிதத்தில் பங்கைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். மகன் இணை உரிமையாளராகவும் கடன்தாரராகவும் இருந்தால் வங்கிக் கடனுக்கும் தடை வராது. கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. ஒருமுறை மகன் பெயரில் பதிந்துவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றால் மறுபடியும் செலவுதான்.

மகளின் கையெழுத்து

கடிதத்தில் நீங்கள் மிக இலேசாகக் கடந்து போன இடம் இது. “பட்டா என் கணவர் பெயரில் இருக்கிறது, மகளுக்குக் கல்யாணத்தில் நகை போட்டுச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம், அவளைக் கேட்க வேண்டியதில்லை” என்கிறீர்கள். உங்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் என்று கடிதத்திலிருந்து புரிந்துகொண்டு சொல்கிறேன். பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவு. உரிமையை முடிவு செய்யும் ஆவணம் அன்று. பாட்டன் காலத்துக் கூட்டுக் குடும்பச் சொத்து பாகப்பிரிவினையில் ஒருவர் பங்குக்கு வந்தால், அவருடைய பிள்ளைகளுக்கு அதில் பிறப்பாலேயே உரிமை உண்டு. தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமே மகள்களை அந்த உரிமைக்குள் கொண்டு வந்துவிட்டது. 2005-இல் நாடு முழுவதற்கும் அது வந்தது. தந்தை உயிரோடிருந்தாலும் இல்லாவிட்டாலும் மகளுக்கு அந்த உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு உறுதி செய்தது. கல்யாண நகை அந்தப் பங்குக்கு ஈடாகாது. மகள் மனமொப்பிப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் மட்டுமே பங்கு போகும். விவரம் தெரிந்த எந்தக் கிரயதாரரும் மகளின் கையெழுத்தைக் கேட்பார். கேட்காமல் வாங்க வருகிறவர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்.

இந்தத் தோப்பை இப்போது விற்க வேண்டுமா என்பதையே மறுபரிசீலனை செய்யச் சொல்வேன். மரங்களைக் குத்தகைக்கு விட்டால் ஆண்டுதோறும் ஏதோ ஒரு தொகை வரும். பெங்களூரா மாம்பழ விலை ஒரு வருடம் போல் மறு வருடம் இருப்பதில்லை என்பது நமக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் கேரளம் ஒத்துவராமல் திரும்ப நேர்ந்தால், ஊரில் கால் வைக்க ஓர் இடம் இருக்கும். விற்றே ஆக வேண்டுமென்றால், விவசாய நிலத்துக்கு எப்போதும் வரி இல்லை என்றும் எண்ண வேண்டாம். நகராட்சி எல்லையிலிருந்து மக்கள்தொகையைப் பொறுத்து 2, 6, 8 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலத்துக்கு வரி உண்டு. கிருஷ்ணகிரி போன்ற ஒரு லட்சத்துக்குக் குறைந்த நகராட்சிக்கு 2 கிலோமீட்டர், அதுவும் சாலை வழியாக அல்ல, நேர்கோட்டில். உங்கள் தோப்பு அந்த வட்டத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று பட்டயக் கணக்காளரிடம் கேட்டுவிடுங்கள். அந்த வழியில் காவேரிப்பட்டணம் பேரூராட்சியும் இருப்பதால் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அப்படியானால் எங்கே?

மகன் இருக்கும் ஊருக்கு அருகில் என்ற எண்ணம் இயல்பானது. ஆனால் மென்பொருள் வேலையில் இருப்பவருடைய ஊர் நிலையானது அல்ல. நாளை அவர் பெங்களூருக்கு மாற்றலாகி வந்தால், கிருஷ்ணகிரியில் இருந்திருந்தால் 90 கிலோமீட்டரில் இருந்திருப்போமே என்று கொச்சியில் இருந்துகொண்டு நினைக்க வேண்டி வரும். ஆகவே ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: மகன் அங்கே இல்லாவிட்டாலும் நீங்கள் இருவரும் அந்த ஊரில் இருப்பீர்களா? மருத்துவமனைக்கு நீங்களே ஆட்டோ பிடித்துப் போய், உங்கள் நோயை உங்கள் மொழியில் சொல்லி, திரும்பி வர முடியுமா?

இந்தக் கேள்விக்கு ஆலப்புழைக் கடற்கரை வீடு தேறாது. காக்கநாடு ஓரளவு தேறும். கடலை ஒட்டியதல்ல, பெரிய மருத்துவமனைகள் நகருக்குள் இருக்கின்றன, பெங்களூரு–எர்ணாகுளம் இன்டர்சிட்டி ரயில் ஓசூர், தருமபுரி வழியாகவே போகிறது; மகளைப் பார்க்க வருவதற்கு வசதி. ஆனால் எர்ணாகுளம் மாவட்டத்தில் பெரியாற்றை ஒட்டிய ஆலுவா, வடக்குப் பரவூர்ப் பகுதிகள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மூழ்கியவை. எந்த வீட்டைப் பார்த்தாலும் அந்த ஆண்டு தண்ணீர் எதுவரை வந்தது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள், விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை.

நீங்கள் விரும்பும் திருவனந்தபுரத்தை யாரும் கணக்கில் எடுக்காதது எனக்கு வியப்பாக இருக்கிறது. கேரளக் கடற்கரை நகரங்களில் மழை குறைவு அங்கேதான். தமிழ் பேசுகிறவர்கள் நிறைய உண்டு, நாகர்கோவில் இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறது. இதய நோய்க்குப் பெயர் பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையமும் அரசு மருத்துவக் கல்லூரியும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஸ்டென்ட் வைத்த கணவருக்கு இது சிறிய விஷயம் அன்று. குறை என்னவென்றால், மகன் இருக்கும் கொச்சியிலிருந்து அது 200 கிலோமீட்டர், கிருஷ்ணகிரியிலிருந்து போவதற்குச் சேலமோ ஜோலார்பேட்டையோ சென்று இரவு ரயில் ஏற வேண்டும். அங்கேயும் கடற்கரைப் பக்கம் வேண்டாம், நகரின் உள்பகுதியைப் பாருங்கள்.

என் ஆலோசனை இதுதான். இந்த ஆண்டு எதையும் விற்க வேண்டாம், எதையும் வாங்கவும் வேண்டாம். காக்கநாட்டிலோ திருவனந்தபுரத்திலோ, முடிந்தால் பாதிக்குப் பாதி இரண்டிலுமோ, மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை வாடகைக்கு இருந்து பாருங்கள். கிருஷ்ணகிரி வீட்டைப் பூட்டி வைக்கலாம், அல்லது 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு விடலாம். உங்கள் ஓய்வூதியம் வங்கிக் கணக்கில் வந்துகொண்டிருக்கும். ஆண்டு நேர்காணலுக்கு மாற்றாக மின்னணு உயிர்வாழ் சான்று போதும். ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டில் கேரளத்தின் எந்த மருத்துவமனைகள் சேர்க்கப்பட்டுள்ளன என்பதைக் கருவூலத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குடும்ப அட்டையை அவசரப்பட்டு ஒப்படைக்க வேண்டாம். மாநில அரசின் சலுகைகள் பல அதனோடு பிணைந்தவை.

மழைக்காலம் கழிந்த பிறகும் அங்கேயே இருக்க இருவருக்கும் விருப்பமிருந்தால் அப்போது வாங்கலாம். அந்த ஊரில் நீதிமன்றப் பழக்கமுள்ள, தரகரோடு தொடர்பில்லாத ஒரு வழக்கறிஞரை நீங்களே அமர்த்துங்கள். முன்தொடர் பத்திரங்கள், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, கிராம அலுவலகத்தின் நடப்பு நிலவரி ரசீது, அனுபோகச் சான்று, வருவாய்ப் பதிவேட்டு வகைப்பாடு ஆகியவற்றை மலையாள மூலத்திலேயே படித்துக் கருத்து எழுதித் தரச் சொல்லுங்கள். அடுக்குமாடி வீடு என்றால், கட்டடத்தில் குடியேறலாம் என்று உள்ளாட்சி தரும் சான்று இருக்கிறதா, கடலோர ஒழுங்குமுறை அனுமதி தேவைப்பட்டதா, வாங்கப்பட்டதா என்பவற்றையும் சேருங்கள்.

கொடுத்த முன்பணம்

இந்த மாத இறுதிக்குள் கிரயம் முடிக்காவிட்டால் 2 லட்சமும் போய்விடும் என்று தரகர் மிரட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் இருப்பது ஒரு ரசீது மட்டுமே. அதில் காலக்கெடுவோ, பணம் பறிபோகும் என்ற நிபந்தனையோ இல்லையென்று நகலில் பார்க்கிறேன். சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ஆம் பிரிவின்படி, வாங்குகிறவர் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறைகளை விற்பவர் தாமாகவே சொல்ல வேண்டும். கேட்டால் உரிமை ஆவணங்களைக் காட்டவும் வேண்டும். அதைச் செய்யாதவர், நீங்கள் பின்வாங்கிவிட்டீர்கள் என்று சொல்லி முன்பணத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது எளிதல்ல.

ஆகவே உங்கள் கணவர் உடனே வீட்டு உரிமையாளருக்கு, தரகருக்கு அல்ல, ஒரு கடிதம் எழுதட்டும். கட்டட அனுமதி, நிறைவுச் சான்று, கதவு எண்ணின் தன்மை, கடலோர மண்டல வரைபடத்தில் அந்த இடத்தின் வகைப்பாடு ஆகியவற்றின் நகல்களை 15 நாள்களுக்குள் தர வேண்டும், தராவிட்டாலோ வீடு விதிமீறியதாக இருந்தாலோ முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று தெளிவாகக் கேட்கட்டும். மேற்கொண்டு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். பதிவுத் தபால் 2025 செப்டம்பர் முதல் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டதால், விரைவுத் தபாலில் ஒப்புகையோடு அனுப்பி, ரசீதையும் வங்கியில் பணம் எடுத்த பதிவையும் சேர்த்து வையுங்கள். பணத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட மூன்று ஆண்டுகள் அவகாசம் உண்டு. பெரும்பாலும் அந்தக் கடிதத்துக்கு வரும் பதிலிலேயே வீட்டின் நிலை தெரிந்துவிடும். பதில் வந்ததும் நகலை எனக்கு அனுப்புங்கள்.